வால்வு திருப்புகிறவள்

தார்த்துவில் பிப்ரவரி.
ஆறு உறைந்து சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.
மூன்றாம் மாடி ஆய்வறையில்
என் வேலை சின்னது:
திரைக்குப் பின்னால் உட்கார்ந்து
ஒரு பித்தளை வால்வை
கால் சுற்று, அரைச் சுற்று
ஆளுக்குத் தெரியாமல் திருப்புவது.

திரைக்கு அந்தப்பக்கம் ஒருவர்,
மூக்கில் கிளிப், வாயில் ரப்பர் குழாய்.
காற்று வரும் வழி கொஞ்சம் ஒடுங்கும்.
தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும்,
என் பக்கம் ஒரு விளக்கு எரியும்.
அவ்வளவுதான் விஞ்ஞானம்.

ஒன்பது மணிக்கு லேலோ.
பனிச்சறுக்கில் ஐம்பது கிலோமீட்டர்.
ஒரே மூச்சில் முடித்தாயாமே என்றால்
உதட்டைச் சுழிப்பாள்:
"ஏழாயிரத்துச் சொச்சம். எண்ணியிருக்கிறேன்."

கால் சுற்று. எரிந்தது.
அதிலும் பாதி. எரிந்தது.
வால்வின் மேல் விரலை
வெறுமனே வைத்தேன்.
எரிந்தது.
தவறு என்று குறித்துக்கொண்டேன்.

முழுதாக இறுக்கியபோதும்
தோள் அசையவில்லை, நாடி ஏறவில்லை.
கடன்காரன் வாசலில் நிற்பது தெரிந்தும்
சோற்றை முடித்து, கைகழுவி,
பிறகு எழுந்து போகிறவளின் நிதானம்.

பதினோரு மணிக்கு உர்மாஸ்.
வரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம்.
தன் நாற்காலியைப் பற்றி
ஒன்றுவிட்ட தம்பியைப் பற்றிப் போலப் பேசுவார்.

கால் சுற்று. இருட்டு.
அரை. இருட்டு.
முக்கால்.
கழுத்து நரம்பு புடைக்கிறது,
விலாவுக்கு நடுவே சதை உள்ளே குழிகிறது,
காகிதத்தில் கோடு மலையேறுகிறது,
பொத்தான் மேல் விரல் மட்டும்
உறங்குகிறது.
உடம்பு அவரிடம் மூச்சுக் காட்டாமலே
மூட்டை சுமந்துகொண்டிருந்தது.

பிறகு திடீரென்று
குழாயைப் பிடுங்கி எறிந்தார்.
"கதவை யார் சாத்தினது?"
கதவு திறந்துதான் இருந்தது.
அந்த நேரம் நானும்
வால்வைத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

கோட்டு மாட்டும் இடத்தில் ஒருநாள்
இருவரும் பேசிக்கொண்டார்கள்.
"உனக்கு எப்பவுமே தெரியுமா?"
"எப்பவும். ராத்திரியில்
தலையணைக்குள் யாரோ மரம் அறுப்பது போல.
உங்களுக்கு?"
அவர் கையுறையில் விரல்களைத் தேடினார்.
"ஒரு தடவை. பிரசவ அறைக்கு வெளியே.
கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது.
அது நான்தான் என்று
ரொம்ப நேரம் தெரியவில்லை."
"தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும்?"
"எது?" என்றார்.
நிஜமாகவே புரியவில்லை அவருக்கு.

அடுத்த வியாழன் லிஃப்ட் பழுது.
மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
முதல் மாடிவரை அவர் மூச்சு
ஈர விறகை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி.
அவளுடையது இல்லவே இல்லை.
இரண்டாம் மாடியில் நின்றார்,
அறிவிப்புப் பலகை படிப்பதற்காக.
காணாமல் போன பூனை,
விற்பனைக்கு ஒரு கட்டில்.
அவளும் நின்று அதையே படித்தாள்.
கொஞ்சநேரம் கழித்து
அவளிடமிருந்தும் கேட்டது
புஸ்ஸென்று, பிறகு இன்னொன்று.
அவள் மூச்சு எனக்குத் தெரியும்,
ரீம் ரீமாக வைத்திருக்கிறேன்.
அது பொய்.
"உனக்குமா வாங்குகிறது?" என்றார் உர்மாஸ்
ஒரே சந்தோஷத்தோடு.
"இந்தப் படி மோசம்" என்றாள்.

இதை எழுத
என் அட்டவணையில் பத்தி இல்லை.
அன்றும் உர்மாஸின் விளக்கு
எரிய வேண்டிய இடத்தில் எரியவில்லை.

மாலையில் திரையை மடிக்கும்போதுதான்
கவனித்தேன்.
இத்தனை வாரமும்
விரல் வால்வைத் தொடும் முன்
நான் மூச்சை அடக்கியிருக்கிறேன்.
தொட்டு, திருப்பி, கையை எடுத்து
அப்புறம்தான் விட்டிருக்கிறேன்.

லேலோவின் தாளை எடுத்து
தவறு என்று எழுதிய இடங்களை
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
அறைக்குள் ஒரு மூச்சு குறைந்ததை அல்லவா
அவள் அமுக்கிச் சொல்லியிருக்கிறாள்.